இராமானுஜனின் கல்லூரி நாள்கள்

நுழையும்முன்

பள்ளியில் முதல் மாணவராக விளங்கிய ஒருவர், கல்லூரியில் சேர்ந்தபின் அடுத்தடுத்துத் தேர்வில் தவறினார். உதவித்தொகையை இழந்தார், பட்டம் பெறாமலேயே கல்லூரியை விட்டு வெளியேறினார். அவரே பின்னாளில் உலகம் போற்றும் கணித அறிஞரானார். இடைப்பட்ட ஆண்டுகளில் நிகழ்ந்தவற்றை இப்பாடம் கூறுகிறது. நம் பெங்களூரு நகருக்கும் இவ்வரலாற்றில் ஓர் இடம் உண்டு.

ஈரோடும் கும்பகோணமும்

கோடை விடுமுறையில் பெங்களூரிலிருந்து சொந்த ஊருக்குச் செல்வோரில் பலர், மைசூரிலிருந்து புறப்பட்டுப் பெங்களூரு வழியாகக் காவிரிக்கரை ஊர்களுக்குச் செல்லும் இரவு வண்டியை நன்கு அறிவர். அவ்வண்டி ஈரோட்டில் நின்று, பின்னர்க் கும்பகோணத்தை அடையும். சீனிவாச இராமானுஜன் பிறந்தது முதல் ஊரில். வளர்ந்தது இரண்டாம் ஊரில்.

அவர் 1887ஆம் ஆண்டு திசம்பர் 22ஆம் நாள், ஈரோட்டில் தம் தாய்வழிப் பாட்டியின் இல்லத்தில் பிறந்தார். தந்தையார் சீனிவாச ஐயங்கார் கும்பகோணத்தில் ஒரு துணிக்கடையில் கணக்கெழுதி வந்தார். மாத ஊதியம் ஏறத்தாழ 20 ரூபாய். தாயார் கோமளத்தம்மாள் கோயிலில் பக்திப் பாடல்கள் பாடுவார். சாரங்கபாணி சன்னதித் தெருவில் இருந்த சிறிய ஓட்டு வீடுதான் அவர்களின் இல்லம். இன்று அது நினைவில்லமாகப் பாதுகாக்கப்படுகிறது. ஊருக்குச் செல்லும்போது பெற்றோரிடம் கேட்டு ஒருமுறை பார்த்து வாருங்கள். தெருவை நோக்கிய திண்ணையில் அமர்ந்துதான் அவர் மடியில் சிலேட்டை வைத்துக் கணக்குப் போட்டார்.

1897இல் தொடக்கப்பள்ளித் தேர்வில் மாவட்டத்திலேயே முதலிடம் பெற்றார். மறு ஆண்டு நகர உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தார். கல்லூரி மாணவர் பயிலும் லோனியின் முக்கோணவியல் நூலைப் பன்னிரண்டு, பதின்மூன்று வயதிலேயே கற்றுத் தேர்ந்தார். 1903இல், கார் என்னும் ஆங்கிலேயர் தொகுத்த கணிதச் சுருக்கநூல் ஒன்று அவர் கைக்கு வந்தது. ஏறத்தாழ ஐயாயிரம் தேற்றங்களை அந்நூல் வரிசையாக அடுக்கியிருந்தது. ஆனால் பெரும்பாலானவற்றுக்கு நிறுவல் இல்லை, இருப்பினும் ஓரிரு வரிகளே. அவற்றைத் தாமே நிறுவிப் பார்ப்பது இராமானுஜனுக்கு விளையாட்டாயிற்று. அந்நூல் அவருக்கு வழிகாட்டியாக அமைந்தது போலவே, விடையை மட்டும் எழுதிவிட்டு வழியை எழுதாமல் விடும் பழக்கத்தையும் அவருக்குத் தந்தது. இதனை நினைவிற் கொள்ளுங்கள். பின்னர் இது பெரிய சிக்கலாக எழும்.

1904இல் பள்ளிப் படிப்பை முடித்தபோது, கணிதத்திற்கான அரங்கநாத ராவ் பரிசைத் தலைமையாசிரியர் கிருஷ்ணசாமி ஐயர் அவருக்கு வழங்கினார். கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையுடன் இடம் கிடைத்தது. ஓர் எளிய குடும்பத்திற்கு இதைவிட நல்ல செய்தி வேறென்ன இருக்க முடியும்!

கல்லூரியில் நேர்ந்தது

அக்காலத்தில் கல்லூரியின் முதல் படி எஃப்.ஏ. என்னும் ஈராண்டுப் படிப்பு. கணிதத்தோடு ஆங்கிலம், வடமொழி, உடலியல், கிரேக்க உரோமானிய வரலாறு ஆகியவற்றையும் பயில வேண்டும். ஒரு பாடத்தில் நூற்றுக்கு நூறு பெற்றாலும் மற்றொன்றில் தவறினால் முழுத் தேர்விலும் தவறியதாகவே கொள்ளப்படும். இராமானுஜனோ வரலாற்று வகுப்பில் அமர்ந்தும் கணக்கையே எண்ணிக்கொண்டிருந்தார். ஆங்கிலக் கட்டுரைத் தாளில் தோல்வியுற்றார், உதவித்தொகை நிறுத்தப்பட்டது.

கல்லூரிக் கட்டணம் பருவத்திற்கு 32 ரூபாய், அதாவது தந்தையாரின் ஒன்றரை மாத ஊதியம். மகனுக்கு விலக்கு அளிக்குமாறு தாயார் கல்லூரி முதல்வரிடம் நேரில் சென்று வேண்டியும் பயன் விளையவில்லை. கல்லூரியைக் கொடுமையானது என்று கூறிவிடுவது எளிது. ஆனால் அவ்விதி அனைவருக்கும் பொதுவானது. ஆங்கிலத்தில் தேறாத மாணவர் ஒருவரின் மனத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்க அக்கல்லூரியிடம் அளவுகோல் எதுவும் இருக்கவில்லை என்பதே உண்மை.

1905ஆம் ஆண்டு ஆகத்து மாதம், பதினேழு வயது இராமானுஜன் எவரிடமும் சொல்லாமல் வீட்டை விட்டு வெளியேறி விசாகப்பட்டினத்திற்குச் சென்றுவிட்டார். பெற்றோர் துடித்தனர், மகனைக் காணவில்லை எனச் செய்தித்தாளில் அறிவிப்பு வெளியிட்டனர். பின்னர் அவர் வீடு திரும்பினார். மீண்டும் கல்லூரிக்குச் சென்றும், வருகைநாள்கள் குறைந்ததால் அவ்வாண்டுச் சான்றிதழ் கிடைக்கவில்லை.

அடுத்த ஆண்டு சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். இங்கு அவருக்கு நல்லாசிரியர்கள் வாய்த்தனர். கணிதப் பேராசிரியர் சிங்காரவேலு முதலியார் அவரை மாணவராக மட்டும் கருதாமல், தம்மோடு அமர்ந்து கடினமான கணக்குகளை ஆராயும் துணைவராகவும் நடத்தினார். ஆயினும் உடலியல் பாடம் அவரை விடவில்லை. தவளை, முயல் போன்றவற்றை அறுத்துக் கற்கும் அப்பாடத்தில் தூய சைவ உணவினரான அவருக்கு மனம் செல்லவில்லை. செரிமானம் பற்றிய ஒரு தேர்வில் சில வரிகள் மட்டும் எழுதி, இந்தச் செரிமானப் பாடம் தமக்குச் செரிக்கவில்லை என்ற பொருள்பட விடைத்தாளில் குறித்துக் கொடுத்துவிட்டார் என்பர். நகைச்சுவை நன்றாகத்தான் இருக்கிறது. மதிப்பெண்தான் நூற்றுக்குப் பத்தைக்கூடத் தொடவில்லை.

இதற்கிடையில் வயிற்றுநோய் கண்டு சில மாதங்கள் ஊரில் தங்க நேர்ந்தது. 1906இன் இறுதியில் எஃப்.ஏ. தேர்வு எழுதினார், தோல்வி. 1907இல் மறுபடியும் எழுதினார், மீண்டும் தோல்வி. கணிதத்தில் சிறந்த மதிப்பெண் பெற்றும் பட்டப் படிப்பின் வாயில் அவருக்கு மூடப்பட்டுவிட்டது. அப்போது அவருக்கு வயது இருபது.

திண்ணையில் கழிந்த ஆண்டுகள்

வேலையில்லை, பட்டமில்லை. மாணவர்க்குத் தனிப்பாடம் கற்பிக்க முயன்றார். அதிலும் நிலைக்கவில்லை. பாடநூலில் உள்ள முறையை விட்டுத் தமக்குத் தோன்றிய பல வழிகளில் அவர் விளக்கியதால், தேர்வுக்குப் படிக்க வந்த மாணவர் குழம்பினர். அக்கம்பக்கத்தார் பேச்சும் இருந்திருக்கும். பட்டப் படிப்பை நிறுத்திவிட்டு வீட்டில் இருக்கும் இளைஞரைப் பற்றி ஊர் என்ன பேசும் என்பதை உங்களுக்கு விளக்க வேண்டுவதில்லை.

இந்த ஆண்டுகளில் அவர் கைவிடாதது ஒன்றே. நாள்தோறும் கணக்குப் போட்டார். தாள் வாங்கப் பணமில்லை. ஆகவே சிலேட்டில் எழுதி, முழங்கையால் அழித்து, மீண்டும் எழுதினார். முடிவு கிடைத்தபின் அதனை மட்டும் குறிப்பேட்டில் மையால் பதிந்தார். வழிமுறை முழங்கையோடு அழிந்தது. விடை மட்டும் ஏட்டில் நின்றது.

1909இல் அவருக்கும் சானகி அம்மாளுக்கும் திருமணம் நடந்தது. மணமகள் அப்போது பத்து வயதுச் சிறுமி. அக்கால வழக்கம் அது. குடும்பப் பொறுப்பு வந்ததும், குறிப்பேடுகளைக் கையில் எடுத்துக்கொண்டு வேலை தேடிப் புறப்பட்டார். 1910இல் திருக்கோவிலூர் சென்று, துணை ஆட்சியராக இருந்த இராமசாமி ஐயரைக் கண்டார். இந்தியக் கணிதவியல் கழகத்தைத் தோற்றுவித்தவர் அவரே. இராமானுஜன் வேண்டியது ஒரு சிறு எழுத்தர் வேலை. குறிப்பேடுகளைப் புரட்டிய இராமசாமி ஐயர், இத்தகைய ஆற்றலை வட்ட அலுவலகக் கோப்புகளுக்குள் புதைக்க மனமின்றி, சென்னையிலுள்ள கணித நண்பர்களுக்கு அறிமுகக் கடிதம் தந்தனுப்பினார். வேலை கேட்டுச் சென்றவர் வேலையின்றித் திரும்பினார். ஆனால் அவர் வாழ்வின் திருப்பம் அங்குதான் நிகழ்ந்தது.

அவ்வழியே நெல்லூர் ஆட்சியர் இராமச்சந்திர ராவின் உதவி கிட்டியது. தொடக்கத்தில் ஐயமுற்ற அவர், சில சந்திப்புகளுக்குப் பின் மாதம் 25 ரூபாய் தம் சொந்தப் பணத்திலிருந்து வழங்கினார். நெடுங்காலம் ஒருவருக்குச் சுமையாக இருக்க இராமானுஜன் விரும்பவில்லை. 1912 மார்ச்சு முதல் நாள், சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தில் மாதம் 30 ரூபாய் ஊதியத்தில் எழுத்தராகச் சேர்ந்தார்.

பெங்களூரு கற்பித்த பாடம்

ஊதா வழித்தட மெட்ரோவில் செல்லும்போது விசுவேசுவரயா பெயர் தாங்கிய மத்தியக் கல்லூரி நிலையத்தைக் கடந்திருப்பீர்கள். அந்த மத்தியக் கல்லூரியில் கணிதப் பேராசிரியராகப் பணியாற்றியவர் எம்.டி. நாராயண ஐயங்கார். இந்தியக் கணிதவியல் கழக இதழின் ஆசிரியரும் அவரே. இராமானுஜன் முதன்முதலில் அச்சேறியது அவ்விதழில்தான்.

1911இல் இராமானுஜன் அவ்விதழ் வாசகர்களுக்கு ஒரு புதிர் விடுத்தார். 1ஐயும் 2இன் ஒரு மடங்கையும் கூட்டி வர்க்கமூலம் காண வேண்டும். அந்த மடங்குக்குள் மீண்டும் 1ஐயும் 3இன் ஒரு மடங்கையும் கூட்டிய வர்க்கமூலம். அதற்குள் 4இன் மடங்கு. இப்படி முடிவின்றி உள்ளுக்குள் உள்ளாகச் செல்லும் கோவையின் மதிப்பு யாது? இதழ்கள் பல வெளிவந்தும் எவரும் விடை அனுப்பவில்லை. இராமானுஜனே விடையை வெளியிட்டார். விடை 3.

குறிப்பேட்டை எடுங்கள், நாமும் செய்து பார்ப்போம். 3 என்பது 9இன் வர்க்கமூலம். 9ஐ 1 + 2 × 4 என எழுதலாம். இதிலுள்ள 4 என்பது 16இன் வர்க்கமூலம். 16ஐ 1 + 3 × 5 என எழுதலாம். 5 என்பது 25இன் வர்க்கமூலம். 25 என்பது 1 + 4 × 6. அடுத்த 6ஐ நீங்களே எழுதுங்கள். எட்டாம் வகுப்புக் கணக்கறிவு போதும். ஆனால் இவ்வாறு பின்னோக்கிப் பார்க்கத் தோன்ற வேண்டுமே!

புதிர் எளிதில் அச்சேறியது. கட்டுரை அவ்வாறு ஏறவில்லை. பெர்னூலி எண்கள் பற்றி இராமானுஜன் எழுதி அனுப்பிய முதல் ஆய்வுக் கட்டுரையைப் படித்த நாராயண ஐயங்கார் திகைத்தார். கருத்துகள் புதியவை, ஆழமானவை. ஆனால் ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் இடையே பெரும் பள்ளம். தெளிவும் துல்லியமும் இல்லாததால் சாதாரணக் கணித வாசகர் அதனைப் பின்தொடர இயலாது என்பது அவர் கணிப்பு. அவர் கட்டுரையைக் குப்பைக்கு அனுப்பவில்லை. திருத்தித் தருமாறு திருப்பி அனுப்பினார். சென்னைக்கும் பெங்களூருக்கும் இடையே அக்கட்டுரை மும்முறை சென்று வந்ததாகக் கூறுவர். 1911ஆம் ஆண்டின் இறுதியில் அது அச்சில் வந்தது.

கும்பகோணத்திலும் சென்னையிலும் அவர் தாள்களைத் திருத்தியவர்கள் மதிப்பெண்ணை மட்டுமே திருப்பித் தந்தனர். பெங்களூரிலிருந்து வந்தது எந்த இடம் விளங்கவில்லை என்னும் குறிப்பு. இராமானுஜனுக்குப் பயன்பட்டது இரண்டாவதே என்பது என் எண்ணம். துறைமுக அலுவலகத்தில் தலைமைக் கணக்கராக இருந்த நாராயண ஐயரும் இதையே வேறு வகையில் கற்பித்தார். மாலை வேளைகளில் இருவரும் ஆளுக்கொரு சிலேட்டுடன் அமர்வர். இராமானுஜன் இரண்டு படிகளில் தாவும் இடத்தைப் பத்துப் படிகளாக விரித்து எழுதச் சொல்வார். தம்மால் புரிந்துகொள்ள இயலாததை இலண்டனில் இருப்பவர் எவ்வாறு புரிந்துகொள்வார் என்பது அவர் வாதம்.

கடல் கடந்த கடிதங்கள்

இலண்டன் பேராசிரியர் ஹில் என்பவருக்கு இராமானுஜனின் சில முடிவுகள் அனுப்பப்பட்டன. 1, 2, 3 என எல்லா எண்களையும் முடிவின்றிக் கூட்டினால் ஒரு குறை எண் பின்னம் கிடைக்கும் என்பது அவற்றுள் ஒன்று. ஹில் இதனைப் பிழையெனக் கருதினார். விரியும் தொடர்கள் என்னும் கடினமான பகுதியில் இளைஞர் வழுக்கி விழுந்துவிட்டதாக எழுதி, படிக்க வேண்டிய நூலையும் குறிப்பிட்டார். இராமானுஜன் புதியதொரு பொருளில் அதனைக் கூறியிருந்தார். ஆனால் அப்பொருளை விளக்காமல் விட்டிருந்தார். மீண்டும் அதே குறை. கேம்பிரிட்சைச் சேர்ந்த இரு பெரும் பேராசிரியர்களுக்கு அனுப்பிய கடிதங்களுக்கும் ஊக்கம் தரும் மறுமொழி கிடைக்கவில்லை.

1913 சனவரி 16ஆம் நாள் மூன்றாமவருக்கு எழுதினார். டிரினிட்டி கல்லூரியின் ஹார்டி என்பவர் அவர். தாம் துறைமுக எழுத்தர் என்பதையும், பல்கலைக்கழகக் கல்வி இல்லாதவர் என்பதையும் இராமானுஜன் மறைக்கவில்லை. கடிதத்தோடு பக்கம் பக்கமாகச் சூத்திரங்கள் இருந்தன. ஹார்டியும் அவர் நண்பர் லிட்டில்வுட்டும் ஓர் இரவு அவற்றை ஆராய்ந்து, இவர் உயர்ந்த கணித மேதை எனத் தெளிந்தனர். பிப்ரவரி 8ஆம் நாள் ஹார்டி மறுமொழி எழுதினார். பாராட்டுடன் அதில் ஒரு கோரிக்கையும் இருந்தது: நிறுவல்களை அனுப்புங்கள்.

சென்னைப் பல்கலைக்கழகம் இப்போது ஓர் இக்கட்டில் சிக்கியது. ஆய்வு உதவித்தொகை பெற முதுகலைப் பட்டம் வேண்டும். இராமானுஜனோ அதே பல்கலைக்கழகத்தின் எஃப்.ஏ. தேர்வில் தோற்றவர். வானிலைத் துறைத் தலைவர் கில்பர்ட் வாக்கர் உள்ளிட்டோர் பரிந்துரைத்தனர். விவாதத்திற்குப் பின் பல்கலைக்கழகம் தன் விதியைத் தளர்த்தி, 1913 மே மாதம் முதல் திங்கள்தோறும் 75 ரூபாய் வழங்கியது. மூன்று மாதத்திற்கு ஒருமுறை ஆய்வறிக்கை அளிப்பது மட்டுமே கடமை. விதியைக் காட்டி மறுத்திருந்தால் எவரும் குறை கூறியிருக்க முடியாது என்பதால், அந்த முடிவை எடுத்தவர்களையும் நாம் நன்றியுடன் நினைக்க வேண்டும்.

1914 மார்ச்சு 17ஆம் நாள் சென்னைத் துறைமுகத்தில் நெவாசா என்னும் கப்பலில் ஏறினார்.

கேம்பிரிட்சில்

அங்கு அவர் முதலில் அறிந்தது தம் பிழைகளை. பகா எண்கள் பற்றித் தாம் உறுதியாக நம்பிய சில முடிவுகள் தவறானவை எனக் கண்டார். உள்ளுணர்வு பெரும்பாலும் சரியாக இருக்கும். ஆனால் எப்போதும் அன்று. நிறுவல் ஏன் தேவை என்பதை இருபத்தாறு வயதில் அவர் முழுமையாக உணர்ந்தார். ஹார்டியின் நிலையும் எளிதன்று. முறையான கணிதத்தைக் கற்பிக்க வேண்டும். அதே வேளையில் அந்த ஊற்று வற்றிவிடவும் கூடாது. ஒருவர் தாமாகவே வளர்த்துக்கொண்ட சிந்தனையைக் கெடுக்காமல் திருத்துவது ஆசிரியப் பணியில் மிகக் கடினமான பகுதி.

1916 மார்ச்சில் கேம்பிரிட்சுப் பல்கலைக்கழகம் அவரது ஆய்வுக்காக இளங்கலைப் பட்டம் வழங்கியது. ஆய்வின் பொருள் மிகுபகு எண்கள். 12ஐ எடுத்துக்கொள்ளுங்கள்: 1, 2, 3, 4, 6, 12 என ஆறு வகுத்திகள். 12க்குக் குறைந்த எந்த எண்ணுக்கும் ஆறு வகுத்திகள் இல்லை. இத்தகைய எண்ணே மிகுபகு எண். இதற்கு அடுத்தது எது என்று கண்டுபிடியுங்கள். 20ஐத் தாண்டிச் செல்ல வேண்டியிருக்கும்.

1918இல் இலண்டன் இராயல் சங்கத்தின் உறுப்பினரானார். அதே ஆண்டு டிரினிட்டி கல்லூரி அவரைத் தன் ஆய்வாளராகத் தேர்ந்தது. அச்சிறப்பைப் பெற்ற முதல் இந்தியர் அவர். முந்தைய ஆண்டு அதே கல்லூரி அவரை ஏற்காமல் விட்டிருந்தது என்பதையும் குறிப்பிட வேண்டும். போர்க்காலத்தில் ஏற்ற சைவ உணவு கிடைக்கவில்லை. குளிரும் தனிமையும் வாட்டின. 1917 முதல் மருத்துவமனைகளிலேயே பெரும்பகுதி கழிந்தது.

இராமானுஜன் வரலாற்றைக் கேட்டுவிட்டு, தேர்வில் தோற்றால்தான் மேதையாகலாம் போலும் என்று வேடிக்கையாகச் சொல்லும் மாணவர் ஒவ்வொரு வகுப்பிலும் இருப்பர். ஹார்டி அவ்வாறு நினைக்கவில்லை. நண்பரின் இளமை இறப்பைவிட, பதினெட்டு வயதுக்கும் இருபத்தைந்துக்கும் இடையே வழிகாட்டுதலின்றிக் கழிந்த ஆண்டுகளே பேரிழப்பு என்று அவர் கருதினார். வேறெங்கோ எவரோ முன்பே கண்டறிந்துவிட்ட முடிவுகளை, அறியாமலே மறுபடி கண்டுபிடிப்பதில் இராமானுஜனின் உழைப்பு எவ்வளவோ செலவாயிற்று. கும்பகோணத்திலேயே ஒரு நல்ல நூலகமும், எந்த இடம் விளங்கவில்லை என்று சொல்லக்கூடிய ஒருவரும் கிடைத்திருந்தால்?

இறுதி ஆண்டு

1919 மார்ச்சில் தாயகம் திரும்பினார். உடல் மெலிந்து வலியுற்ற நிலையிலும் கணக்கை நிறுத்தவில்லை; சானகி அம்மாள் அருகிருந்து கவனித்துக்கொண்டார். 1920 சனவரியில், போலித் தீட்டா சார்புகள் எனப்படும் புதிய கண்டுபிடிப்பைப் பற்றி ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். ஏப்ரல் 26ஆம் நாள் சென்னைச் சேத்துப்பட்டில் காலமானார். வயது 32.

அவ்விறுதி ஆண்டில் எழுதிய நூற்றுக்கு மேற்பட்ட தாள்கள் கேம்பிரிட்சைச் சென்றடைந்து, டிரினிட்டி கல்லூரி நூலகத்தின் பெட்டியொன்றில் கவனிப்பாரின்றிக் கிடந்தன. 1976இல் அமெரிக்க அறிஞர் சியார்சு ஆண்ட்ரூசு அவற்றைக் கண்டெடுத்தார். திண்ணைக் காலத்துக் குறிப்பேடுகளில் நிறுவல் இல்லாமல் நின்ற மூவாயிரத்துக்கும் மேற்பட்ட முடிவுகளை மற்றோர் அமெரிக்கரான புரூசு பெர்ண்டு ஒவ்வொன்றாக ஆராய்ந்தார். சிலேட்டிலிருந்து முழங்கையால் அழிக்கப்பட்ட படிகளை மீண்டும் எழுதி, அவர் ஐந்து தொகுதிகளாக வெளியிட்டார். முதல் தொகுதி 1985இல் வந்தது. ஐந்தாவது வெளிவர 1998 ஆயிற்று.